கழித்த சீலை

கப்பலின் வயிற்றோரம் இரண்டு கயிற்றில் தொங்கிய பலகையில் இருந்துகொண்டு இராசதுரை காலையிலிருந்து துருவைக் கொத்திக்கொண்டிருந்தான். சுத்தியல் இரும்பில் படுகிறபோதெல்லாம் துருப்பொடி பறந்து இமையிலும் மூக்கிலும் அப்பியது. ஆனி மாதத்துக் கச்சான் காற்று, அடுப்புக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. மேலே வெயில், கீழே கடலில் பட்டு எதிரடிக்கிற வெயில், முன்னால் காய்ந்த இரும்பு. மூன்றுக்கும் நடுவில் ஒரு மனிதன் எட்டு மணித்தியாலம் தொங்க வேண்டும்.

பலகையின் மற்ற அந்தத்தில் இருக்க வேண்டிய பக்கீர் பிந்தித்தான் வந்தான். கிண்ணியாக்காரன். பதினொரு வருடமாக இருவரும் ஒரே பலகையில் தொங்குகிறார்கள். இரண்டாவது வள்ளத்தில் வந்து கயிற்றைப் பிடித்து இறங்கியவன், சுத்தியலைக் கையில் எடுக்கவில்லை.

"மச்சான், அதக் கீழ வை. ஒரு கதை சொல்லணும்."

"கொத்திக்கொண்டே கேக்கலாம், சொல்லு."

"இதைக் கேட்டாப் பிறகு ஒண்ட கையில சுத்தியல் இரிக்கக் கூடாது. அதுக்குத்தான் சொல்றன்."

இராசதுரை சிரித்துக்கொண்டு சுத்தியலை மடியில் வைத்தான்.

"பீடி வாங்க ஒங்கட அம்மன் கோயிலடியால வந்தன். பந்தல் போட்டு, குலை கட்டி இரிக்கி. நீ நாப்பது நாளா மீன் தின்னாமக் கீறினாயே ஒரு அம்மன் படச் சீலை, அதத் தூணில கட்டி விரிச்சு இரிக்காங்க. வாசலில நிண்டு பாத்தன். அந்தப் புடவை மடிப்பு இரிக்கே, காத்தடிச்சா ஆடும்போல இரிக்கி."

"கட்டிப்போட்டினமோ? மாஸ்டர் ஆள் அனுப்பயில்லையே."

"அதுதான் கதை. கீழ கொட்டை எழுத்தில ஒரு பேர் இரிக்கி."

"ஆற்ற பேர்?"

"ஒண்ட பேர் இல்ல."

கப்பலுக்குள் எங்கோ ஒரு யந்திரம் ஓடி நின்றது.

"கண்?" என்று இராசதுரை கேட்டான்.

"கண் இன்னும் இல்ல. பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறாங்களாம். ஸ்பீக்கரில சொல்றாங்க. ஞானசேகரம் மாஸ்டர் திருக்கரத்தால எண்டு."

இராசதுரை கயிற்றைப் பிடித்து மேலே ஏறினான். தளத்தில் நின்ற கங்காணி, "எங்கயடா போறாய்? போனா நாளைக்கு வரத் தேவையில்லை!" என்று கத்தினான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் பக்கீரின் குரல் கேட்டது. "கங்காணியார், எனக்கும் வயித்துவலி."

*

இராசதுரை கட்டாடி வீட்டுப் பிள்ளை. அவனுடைய தாய் தங்கரத்தினம் நாற்பத்தெட்டு வீட்டுக்குத் துணி தோய்த்தவள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதில் ஊறுகிற கறுத்த பாலைத் தொட்டு, ஒவ்வொரு வீட்டுத் துணியின் மூலையிலும் ஒரு குறி போடுவாள். சுருட்டுக்கடை வீட்டுக்கு மூன்று புள்ளியும் ஒரு வளைவும். மருந்து கொடுக்கிற அப்போத்திக்கரி வீட்டுக்குக் குருவிக்கால். நெல்லளவு இடத்துக்குள் மீன், பிறை, மரவேர், தேள்வால் என்று நாற்பத்தெட்டு. ஒன்றைப்போல் ஒன்று இராது. எத்தனை தரம் வெள்ளாவி வைத்தாலும் அழியாது. அவளுக்கு முன்னால் அவளுடைய தாயும் அப்படித்தான் போட்டாள். அவற்றை ஒருவரும் சித்திரம் என்று சொன்னதில்லை. கட்டாடிக் குறி என்றுதான் சொன்னார்கள்.

மகன் அதைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தான். யாரும் கை பிடித்துக் காட்டவில்லை. துவைகல்லில் கரியால் கீறினான். அந்தக் கரி யாரோ வீட்டு வெள்ளை விரிப்பில் பதிந்தபோது தாய் ஈரத் துணியாலேயே முதுகில் விளாசினாள். பள்ளிக்கூடத்தில் வாங்கு இருந்தும் நிலத்தில் இருக்கச் சொன்னார்கள். இரண்டாம் வகுப்போடு அவன் போகவில்லை. வெள்ளைக்காரன் நேவி துறைமுகத்தை விட்டுப் போன வருடம், பதினேழு வயதில் பெயின்ற் வேலைக்குப் போனான்.

அங்கேதான் அவன் கை முற்றியது. துருவைக் கொத்தி முடித்தால், திரும்பத் துரு பிடியாமல் செவ்வீயம் பூச வேண்டும். அகலமான தூரிகை, வீடளவு இரும்பு, பக்கத்தில் ஆளில்லை. முதலில் ஒரு உருவத்தைக் கீறுவான். துணியை ஓங்கி அடிக்கிற தாயின் முதுகு. கங்காணியின் தொந்தி. திருக்கை மீன். வாயில் சுங்கான் வைத்துப் புகை விடுகிற மாலுமி. பக்கீர் பார்த்துச் சிரித்து முடியுமுன் அதன்மேல் சாம்பல் நிறம் பூசி விடுவான். பதினேழு வருடம் அவன் கீறினதெல்லாம் சாம்பல் நிறத்துக்கு அடியில் கிடந்து உலகத்துக் கடலெல்லாம் போயிற்று. எழுத்தும் அந்தப் பலகையில்தான் படித்தான். ஐந்தாம் வகுப்புப் படித்த பக்கீர், சோற்று நேரத்தில் பெயின்ற் தகர மூடியில் அ, ஆ எழுதிக் காட்டினான். முப்பது வயதில் தன் பெயரை முதல்முறை எழுதிய அன்று இராசதுரை அந்த மூடியை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவிக்குக் காட்டினான்.

போன வருடம் மே தின ஊர்வலத்துக்குச் சங்கத்துக்காக ஒரு சீலை கீறினான். பெரிய பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார் ஞானசேகரம் அதை றோட்டில் நின்று பார்த்திருக்கிறார். மாசி மாதத்தில் ஒரு நாள் வேலிக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

"கோயில் திருவிழாவுக்கு அம்மன் சீலை ஒண்டு கேட்டிருக்கினம். பன்னிரண்டு அடி. கொஞ்சம் கை உதவி வேணும்" என்றார்.

கை உதவி என்று அவர் சொன்னது முழு வேலையும். மாஸ்டர் தொடங்கி வைத்திருந்த சீலையில் வர்ணம் காய்ந்த குளம்போல் வெடித்திருந்தது. துணிக்குக் கஞ்சி எவ்வளவு பிடிக்கும், எப்போது பிழிய வேண்டும், எந்த வெயிலில் காயவிட வேண்டும் என்று கட்டாடி வீட்டில் கேட்க வேண்டியதை அவர் புத்தகத்தில் தேடியிருந்தார். அரிசிக்கே வழியில்லாத வருடம் அது. ஊர் முழுக்கப் பாணுக்குப் பேக்கரி வாசலில் வரிசையில் நின்றது. இராசதுரை மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்துக் கஞ்சி காய்ச்சினான். புதுத் துணிக்கு மூன்று தரம் ஏற்றினான். அதன்மேல் வச்சிரப் பசையில் குழைத்த வர்ணம் பட்டுப்போல் இருந்தது. நாற்பது நாள், வேலை முடிந்து வந்து இருட்டும்வரை, ஞாயிறென்றால் முழு நாளும், மாஸ்டர் வீட்டுப் பின் கொட்டிலில் நின்று கீறினான். மாஸ்டர் பார்த்துக் கீறச் சிரித்த முகத்து அம்மன் படம் ஒன்றைத் தந்துவிட்டு, கதிரையில் இருந்து வெற்றிலை போட்டார்.

கண்ணை மட்டும் விட்டுவைத்தான். தெய்வத்துக்குக் கண் கடைசியில். அதுவும் கோயிலில், நேரம் பார்த்து, கீறினவன் கையால். அதுதான் முறை. மாஸ்டரும் அதையேதான் சொன்னார். "அண்டைக்கு முழுகிப்போட்டு நில். ஆள் அனுப்புவன்." அவன் நம்பினான்.

*

வீட்டு வளவுக்குள் மனைவி இராசமலர் துவைகல்லடியில் நின்றாள். மாமி செத்த பிறகு நாற்பத்தெட்டு வீடும் அவள் தலையில். புருசன் நேரத்தோடு வருவதைக் கண்டு அடித்த துணியைக் கல்லிலே விட்டாள். பின்னால் வந்த பக்கீர்தான் சொன்னான்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றாள் அவள். "வீட்டுத் தண்ணியைக் குடியாத ஆள் உங்கட பேரைச் சொல்லுவாரோ எண்டு கேட்டனான். கேட்டியளோ? நாப்பது நாள் உங்களுக்குத் தனிச் சட்டியில கிழங்கு அவிச்சனான். சூடை மீன் வேலியால வந்து போகேக்க மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தனீங்கள். மாஸ்டர் என்ன தின்டவர்? அவற்ற குசினியில றால் பொரிச்ச மணம் எனக்குத் தெரியும். அந்த வீட்டு மேசை விரிப்பை நான்தான் தோய்க்கிறனான்."

"நிப்பாட்டு மலர்."

"ஏன் நிப்பாட்ட? என்னில மட்டும்தான் உங்கட கோவம் ஏறும். அங்க போனா 'ஐயா, ஐயா' எண்டு குனிஞ்சுகொண்டு நிப்பியள்."

இராசதுரை கிணற்றில் ஒரு வாளி அள்ளித் தலையில் ஊற்றினான். துரு கலந்து சிவப்பாக ஓடியது. இன்னொரு வாளி.

"அங்க போய் என்ன சொல்லப்போறியள்?" குரல் தணிந்திருந்தது. "இந்த வளவு கோயில் வளவு. தர்மகர்த்தா வாயைத் திறந்தா நாங்கள் றோட்டில. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு போறியளோ?"

"அந்தக் கண்ணில அவர் கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "சரி. நானும் வாறன். தனியப் போனா நீங்கள் குனிஞ்சிடுவியள்."

*

அவர்கள் போய்ச் சேரும்போது நேரம் பிந்திவிட்டது. மேளம் நின்றிருந்தது. ஸ்பீக்கர் வெறும் இரைச்சலாக இரைந்தது. மண்டபத்தில் நின்ற சனம் சீலையைப் பார்க்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாஸ்டர் கண்ணைத் திறந்து முடித்திருந்தார். வலது கண் தேர்முட்டியைப் பார்த்தது. இடது கண் புளியமரத்தைப் பார்த்தது. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. புடவையின் ஒவ்வொரு மடிப்புக்கும், கையிலே பிடித்த வேப்பிலையின் ஒவ்வொரு நரம்புக்கும் மேலே, அந்த முகம் அடி வாங்கிய முகம்போல் விழித்தது.

இராசதுரை முதலில் கண்ணைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான். அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். ஞா. ன. சே. க. ர. ம். ஒவ்வொரு எழுத்தாக உள்ளே போயிற்று. வாசிக்கத் தெரியாத காலத்தில் இதைப் பார்த்திருந்தால் ஒரு பூவேலை என்று நினைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆறு எழுத்தையும் வாசித்து முடித்தபோது காதுக்குள் கொத்துச் சுத்தியல் அடித்தது.

குருக்கள் கையில் தட்டோடு நின்றார். "இதுக்குத் தீபம் காட்ட ஏலாது. கண் பிழைச்ச உருவம். கழட்டுங்கோ."

தர்மகர்த்தா குணரத்தினம் வியர்த்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தார். வெளிமண்டபத் தூணடியில் நின்றவனைக் கண்டார்.

"ராசன், நல்ல நேரத்தில வந்தாய்." கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். இராசதுரை என்ற முழுப் பெயர் அவர் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. "பின்பக்கம் வாகனசாலைக்குள்ள சீலையைக் கொண்டுபோய் வைக்கிறம். அரை மணித்தியாலத்தில அந்தக் கண்ணைச் சரிப்படுத்திப்போடு. பின்வாசலால வா. ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை."

"கீழ இருக்கிற பேரையும் சரிப்படுத்தவோ?"

"என்ன பேர்?"

"கீறின ஆளின்ர பேர்."

மாஸ்டர் வந்துவிட்டார். கையில் தூரிகை இருந்தது. "ராசதுரை, நான் சொல்லித்தந்துதானே நீ செய்தாய்? யோசனை எல்லாம் என்ர. நீ கை உதவி செய்தனி. கை உதவிக்குப் பேர் போடுற வழக்கமில்லை."

"என்ன சொல்லித்தந்தனீங்கள் மாஸ்டர்?"

"எல்லாம்தான்."

"அம்மன்ர இடக்கையை எத்தினை தரம் அழிச்சுக் கீறினது?"

மாஸ்டர் தூரிகையை மறு கைக்கு மாற்றினார்.

"ஏழு தரம். வேப்பிலைப் பச்சைக்கு என்ன கலந்தது? கஞ்சி எத்தினை தரம் ஏத்தினது? ஒண்டைச் சொல்லுங்கோ. ஒண்டை எண்டாலும் சொல்லுங்கோ, நான் கண்ணைக் கீறித் தந்துபோட்டுப் பின்வாசலாலேயே போறன்."

சனம் கிட்ட நெருங்கியது. தர்மகர்த்தாவுக்கு அது பிடிக்கவில்லை. குரல் ஏறியது. "டேய், கட்டாடி பேர் எழுதின சீலையை அம்மனுக்கு முன்னால கட்டுறதோ? நாலு ஊர்ச் சனம் வாற இடம். என்ன கதை கதைக்கிறாய்?"

இராசதுரை வாயெடுக்க முதல் பின்னாலிருந்து இராசமலர் வந்தாள்.

"உள்ளுக்கு அம்மன் உடுத்தியிருக்கிற பட்டு முந்தநாள் நான் அலசிக் காயவிட்டது. உங்கட தலைக்கு மேல கட்டியிருக்கிற வெள்ளைத் துணி, போன கிழமை இவர் ஏறிக் கட்டினது. உங்கட இடுப்பில இருக்கிற வேட்டி, ஐயா, அதில கறிக்குழம்பு சிந்தினதும் எனக்குத் தெரியும், அதைப் போக்கினதும் நான்தான். இப்ப எதை எதைக் கழட்டப்போறியள்?"

சனத்துக்குள் சிரிப்பு எழும்பியது. தர்மகர்த்தாவின் கை தன்னையறியாமல் வேட்டிக் கொசுவத்துக்குப் போயிற்று. வாசலுக்கு வெளியே நின்ற பக்கீர், "அதை மட்டும் வேணாம் தாயே" என்றான். சிரிப்புப் பெரிதாகியது.

"வாயை மூடடி!" குணரத்தினம் உறுமினார். "இருக்கிற வளவு ஆற்ற வளவு எண்டதை மறந்து கதைக்கிறியள். கண்ணைக் கீறு. இல்லாட்டி நாளைக்குச் சட்டி பானையோட வெளியில போ. வேற கதை இல்லை."

இராசதுரை அவரைப் பார்க்கவில்லை. குருக்களிடம் திரும்பினான்.

"குருக்கள் ஐயா, இந்தச் சீலை இப்ப இருக்கிறபடி அம்மனுக்கு ஆகுமோ?"

"ஆகாது. அதைத்தானே சொன்னனான்."

"அப்ப இது கழிச்ச சீலை."

குருக்கள் ஒரு கணம் அவனைப் பார்த்தார். "ஓம். அப்படித்தான்."

"கோயிலில கழிச்ச துணி ஆருக்கு?"

அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். எண்ணெய் ஊறின திரை, எலி கடித்த மேற்கட்டி, காற்றில் கிழிந்த கொடிச்சீலை, எல்லாவற்றையும் வேறொருவரும் தொடமாட்டார்கள். கட்டாடி வீட்டுக்குப் போகும். கூலியோடு சேர்ந்த வரும்படி அது. மறுத்துப் பேசவும் கூடாது.

"என்ர அம்மா காலத்திலயும் தந்தனீங்கள்" என்றான் இராசதுரை. "அவவின்ர அம்மாவுக்கும் தந்தனீங்கள். காலால தள்ளித் தந்தனீங்கள். 'கட்டாடி, இதை எடுத்துக்கொண்டு போ' எண்டுதான் சொல்லுவியள். ஒருநாளும் வேண்டாமெண்டு சொன்னதில்லை. இதையும் எடுத்துக்கொண்டு போறன்."

"அது வேற, இது வேற!" என்றார் மாஸ்டர்.

குருக்கள் தட்டைக் கீழே வைத்தார். "வேறயில்லை மாஸ்டர். மரபு அதுதான். ஒருக்காக் கழிச்சுப்போட்டுத் திரும்பக் கட்ட ஏலாது. நாளைக்கு ஒரு குற்றம் வந்தா ஆர் பொறுப்பு?"

இராசதுரை தூணில் ஏறி முடிச்சை அவிழ்த்தான். மறு பக்கத்தை இராசமலர் அவிழ்த்தாள். பன்னிரண்டடிச் சீலையை மேலே இருந்த மூங்கிலிலேயே சுற்றினார்கள். மூங்கிலின் முன் அந்தம் அவன் தோளில், பின் அந்தம் அவள் தோளில்.

"முன்வாசலைத் தாண்டினா உனக்கு அந்த வளவு இல்லை" என்றார் குணரத்தினம்.

இராசதுரை நின்றான். திரும்பினான். இவ்வளவு நாளும் அவரோடு பேசும்போது கழுத்து தானாகக் குனியும். இன்றைக்கு அது குனிய மறந்துவிட்டது.

"பின்வாசலால போனா மட்டும் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு நடந்தான்.

*

வளவில் துணி காயப்போடுகிற கொடிக்கயிற்றில் சீலையை விரித்தார்கள். ஒரு பக்கம் அப்போத்திக்கரி வீட்டு விரிப்பு, மற்றப் பக்கம் யாரோ வீட்டுத் தலையணை உறை. பக்கீர் சீலையின் கீழ் விளிம்பில் கல் கட்டினான். பிள்ளைகள் இரண்டும் கிட்டப் போய் அந்த முகத்தைக் கண்டு பின்வாங்கின.

ஈரத் துணியை எடுத்து இராசதுரை முதலில் பெயரைத் துடைத்தான். வச்சிர வர்ணம், ஊறினால் கழன்றுவிடும். ஆறு எழுத்தும் துணியில் ஒரு நீலக் கறையாக வந்தது. பிறகு கண்ணைத் துடைத்தான். அம்மன் திரும்பவும் குருடானாள்.

இராசமலர் அடுப்பில் வச்சிரம் காய்ச்சிச் சிரட்டையில் கொண்டுவந்தாள். அவன் வெள்ளையும் கறுப்பும் குழைத்தான். வாங்கில் ஏறி நின்று தூரிகையை உயர்த்தினான். இறக்கினான். திரும்ப உயர்த்தினான். கை ஆடியது.

"ஏலாது" என்றான். "நாளைக்குப் பாப்பம்."

"ஏன் ஏலாது?"

"கை நடுங்குது. கோவத்தில கண் கீற ஏலாது மலர். தெய்வத்தின்ர கண். சாந்தமா வரவேணும். மாஸ்டர் தந்த படத்தில சிரிச்ச கண்."

"மாஸ்டர் தந்த படம்." அவள் வாங்குக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். முகம் முழுக்க வியர்வை. "இவ்வளவு காலமும் சாந்தமா இருந்து என்ன கண்டனாங்கள்? உங்கட அம்மா சாந்தமா இருந்தா. நாப்பத்தெட்டு வீட்டு ஊத்தையையும் சுமந்துபோட்டுச் செத்தா. ஒரு வீட்டில இருந்து ஒரு சனம் வந்ததோ? நாளைக்கு இந்த வளவை விட்டு எழும்பச் சொல்லப்போறாங்கள். அதுக்கும் சிரிச்சுக்கொண்டோ இருக்கிறது? அந்த அம்மனுக்கு இதையெல்லாம் பாத்துக் கோவம் வராதோ? வராட்டி அவ என்ன தெய்வம்? கோவத்தோட கீறுங்கோ."

பக்கீர் பீடியை எடுத்தவன், பற்றவைக்காமல் காதில் செருகினான். "அவ சொல்றது சரி மச்சான். கையை அதுண்ட பாட்டில விடு."

இராசதுரை மூச்சை இழுத்தான். தூரிகையைச் சிரட்டையில் தோய்த்து விளிம்பில் ஒருமுறை வழித்தான். மேலிமையின் வளைவை ஒரே இழுப்பில் இழுத்தான். அழிக்கவில்லை. மற்ற இமை. கை ஆடியது உண்மை. ஆடினது கோட்டில் ஒரு வெட்டாக இறங்கி நின்றது. கருமணியை வைத்தபோது அவன் பல்லைக் கடித்திருந்தான். வாங்கை விட்டு இறங்கி, தூர விலகி, பார்த்தான்.

வேலியடியில், துணி தோய்க்கிற அந்தத் தெருச் சனம் கூடியிருந்தது. யாரும் கும்பிடவில்லை. கும்பிடுகிற கண்ணல்ல அது. வலியையும் வெறுப்பையும் ஒன்றாக விழுங்கி, இனி விழுங்க மாட்டேன் என்று நிற்கிற ஒருத்தி நேருக்கு நேர் பார்த்தாள். வேலியின் இந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று பட்டது.

"இனிப் பேரை எழுதுங்கோ" என்றாள் இராசமலர்.

அவன் குந்தியிருந்து எழுதினான். ஐந்து எழுத்து. எழுத நேரம் பிடித்தது.

வெயில் சாயும்போது தர்மகர்த்தா வீட்டு ஆள் சைக்கிளில் வந்தான். வேலிக்கு வெளியே ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்றான். பெரியவர் சொல்லி அனுப்பின வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தவன், கொடிக்கயிற்றைப் பார்த்தான். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு சைக்கிளைத் திருப்பி, ஏறாமல், உருட்டிக்கொண்டு போனான்.

"நாளைக்கு வந்து சொல்லுவான்" என்றான் பக்கீர்.

"சொல்லட்டும்" என்றாள் இராசமலர். துவைகல்லில் பாதி அடித்தபடி கிடந்த குணரத்தினம் வீட்டு வேட்டிகளை ஈரத்தோடு திரட்டினாள். ஊத்தையும் சவர்க்காரமும் ஒழுக ஒழுகக் கொண்டுபோய், வேலிக்கு வெளியே றோட்டில் வைத்துவிட்டு வந்தாள்.